புது பேட்டரி போட்டும் லாரி கிளம்பவில்லை!

வாசகர் கேள்வி, பட்டறை பதில்

போன மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. நாமக்கல் பக்கம் லாரி வொயரிங் வேலையில் எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போனில் பாதி இந்தப் புலம்பலாகத்தான் இருக்கும். அதனால் டயர், டீசல், கியர் பாக்ஸ் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது 2013 மாடல் ஆறு சக்கர லாரி. இரண்டு மாதமாகக் காலையில் செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து தடவை திருப்பினால் திடீரென்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி இரண்டையும் புதிதாக மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி பழைய கதை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பனும் (மோட்டாருக்குள் உரசிக் கரண்ட் கொடுக்கும் கட்டை) மாற்றியாயிற்று. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) பெயிண்ட் அடித்து வந்ததிலிருந்துதான் இந்த வம்பு என்று டிரைவர் சொல்கிறார். பெயிண்டுக்கும் செல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்? (ஆத்தூர் வாசகர்)

பதில்: முதலில் உங்கள் டிரைவருக்கு ஒரு நல்ல டீ வாங்கிக் கொடுங்கள். நோயை அவரே சொல்லிவிட்டார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கரண்ட் கட்டை விரல் மொத்தமுள்ள கேபிளில் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. அங்கே வேலையை முடித்துவிட்டு அது மறுபடி பேட்டரியின் மைனஸுக்கு வந்து சேர வேண்டும். அதற்குத் தனி வயர் கிடையாது. இன்ஜின் இரும்பு வழியாக, எர்த் பட்டை வழியாக, சேஸிஸ் வழியாக வருகிறது. போகிற வழியை எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்பி வருகிற வழியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இன்ஜினோ ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. ஆக, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் போட்டிருக்கும் அந்தப் பின்னல் செம்புப் பட்டைதான் ஒரே பாலம்.

எஃப்.சி. வேலையில் என்ன நடக்கும்? பேட்டரிப் பெட்டியை இறக்குவார்கள், சேஸிஸைச் சுரண்டிக் கழுவி பெயிண்ட் அடிப்பார்கள். எர்த் போல்ட்டைக் கழற்றியவர், பெயிண்ட் காய்ந்ததும் அதன் மேலேயே பட்டையை வைத்து முறுக்கிவிடுவார். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். போல்ட்டும் இறுக்கமாக இருக்கும். ஆனால் பட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பெயிண்ட் தாள். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும், அதில் லைட் எரியும், ஹாரன் அடிக்கும். செல்ஃப் கேட்பது அந்த அளவு இல்லையே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரி செல்ஃப் இழுக்கும் கரண்ட்டை 300 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். எர்த்தில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், அங்கேயே 3 வோல்ட் தொலைந்துவிடும். அதே தடை, அரை ஆம்பியர் இழுக்கும் ஒரு பல்புக்கு இருப்பதே தெரியாது. ‘லைட் நல்லா எரியுதே, மீட்டர் 25 வோல்ட் காட்டுதே’ என்று எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். காலையில் தொந்தரவு அதிகமாக இருப்பதற்குக் காரணம், ஆயில் ஆறிக் கெட்டியாகி இன்ஜின் சுற்றக் கனமாக இருப்பது. புது பேட்டரி போட்ட தெம்பில் ஒரு வாரம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சோதனை சுலபம். ஒரு ஜம்ப் கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு இரும்பிலும் கவ்வவிட்டு செல்ஃப் அடியுங்கள். ‘சர்ர்’ என்று எடுத்தால் எர்த்தான் குற்றவாளி. மீட்டர் வைத்திருந்தால் இன்னும் உறுதி: மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி மைனஸ் முளையிலும் (கிளாம்பில் வேண்டாம், முளையிலேயே) இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும் நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழியில் அடைப்பு. அதே மாதிரி பிளஸ் முளைக்கும் செல்ஃப் மோட்டாரில் கேபிள் மாட்டும் முளைக்கும் நடுவிலும் பாருங்கள். அங்கே ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கேபிளையோ, பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சையோ சந்தேகப்படலாம்.

சரிசெய்வதற்கு உப்புத்தாள் போதும். எர்த் உட்காரும் இடத்தை வெள்ளைவெளேரென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, பட்டையின் கண்ணையும் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்குங்கள். பெயிண்டோ கிரீஸோ அதற்கு அப்புறம், மேலே.

நானும் இதில் அடிபட்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லாரிக்கு செல்ஃப் மோட்டாரை மூன்று தடவை இறக்கி ஏற்றினேன். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் சுருள்), புஷ், சொலினாய்டு (கரண்ட் வந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் அந்த வண்டியின் கிளீனர் பையன், “அண்ணே, ஆக்சிலரேட்டர் கேபிள் ஏன் சுடுது?” என்று கேட்டான். தொட்டுப் பார்த்தேன், விரலை வைக்க முடியவில்லை. மேலுறை இளகிப் புகை வாசம் வந்தது. எர்த் பட்டை உள்ளே அற்றுப்போய், 300 ஆம்பியரும் அந்தச் சின்னக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. அன்றைக்கு ஓனரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

கேள்வி: லாரியில் இரண்டு பேட்டரியையும் ஒரே நாளில்தான் வாங்கினேன். எட்டே மாதத்தில் ஒன்று செத்துவிட்டது. அதை மட்டும் மாற்றினேன், ஐந்து மாதத்தில் அதே இடத்திலிருந்த பேட்டரி மறுபடி அவுட். பக்கத்துப் பேட்டரியிலோ தண்ணீர் ஊற்றி மாளவில்லை. கம்பெனி சரக்கு மோசமா? (பெருந்துறை வாசகர்)

பதில்: கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. கேபினில் கார் செட் வைத்திருக்கிறீர்களா? பாட்டு, ஆம்ப்ளிஃபையர், சாமி படத்துக்குச் சுற்றிவரும் கலர் லைட்?

கட்டாயம் இருக்கும். கார் செட்டுக்கு 12 வோல்ட்தான் வேண்டும், லாரியில் இருப்பது 24. இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்துத்தான் 24 ஆக்கியிருக்கிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், எர்த் பக்கத்துப் பேட்டரியின் பிளஸ்ஸில் ஒரு வயரை முறுக்கி, ‘இந்தா பன்னிரண்டு’ என்று செட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். பாட்டும் பாடும். ஆனால் ராத்திரி முழுக்க ஒரு பேட்டரி மட்டும் உழைத்துக் களைக்கிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது.

மறுநாள் டைனமோ சார்ஜ் செய்யும்போது அதற்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டும் சேர்ந்து 28 வோல்ட் வந்தால் அதன் வேலை முடிந்தது. களைத்த பேட்டரி 13-லேயே நின்றுவிடும், மீதி 15-ம் மற்றதன் தலையில் இறங்கும். 15 வோல்ட்டில் அது கொதித்துத் தண்ணீரை ஆவியாக்கும். களைத்ததோ ஒரு நாளும் முழுசாக நிறையாமல் தகடு வெளுத்துச் சாகும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு அஜீரணம், இன்னொன்றுக்குப் பட்டினி. நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் இதுதான்.

24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் என்று சின்ன அலுமினியப் பெட்டியாகக் கடையில் கிடைக்கும். செட்டின் ஆம்பியருக்குத் தகுந்ததாக ஒன்றை வாங்கி, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 24-லிருந்து எடுங்கள். நடுவில் முறுக்கிய வயரைப் பிடுங்கி எறியுங்கள். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர். கிழட்டு மாட்டோடு இளங்காளையைப் பூட்டினால் உழவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வண்டி ராத்திரி முழுக்க ஓய்ந்து நின்ற பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. சார்ஜ் போட்டு இறக்கியும் 10.5-ஐத் தாண்டவில்லை என்றால் உள்ளே ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அதற்கு வைத்தியம் இல்லை.

கேள்வி: செல்ஃப் எடுக்காதபோது எங்கள் டிரைவர் அடியில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டார் முளைகளை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணுகிறார். சரியான முறையா? தள்ளி ஸ்டார்ட் செய்வது நல்லதா? (தருமபுரி வாசகர்)

பதில்: இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி கியரில் இருந்துவிட்டால், ஷார்ட் செய்த நொடியில் இன்ஜின் பிடித்து வண்டி நகரும். ஆள் சக்கரத்துக்கு முன்னால் படுத்திருக்கிறார். பட்டறையில் நாங்களே சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஒரு ஆளைக் கேபினில் உட்கார்த்தி, நியூட்ரல் என்று அவன் கத்திச் சொன்ன பிறகுதான் கை வைப்போம்.

ஆனால் அந்த ஷார்ட் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. அப்படிச் செய்தால் எடுக்கிறது, சாவியில் எடுக்கவில்லை என்றால் மோட்டாரும் பேட்டரியும் நன்றாக இருக்கின்றன. கோளாறு சாவி சுவிட்ச், செல்ஃப் ரிலே, ஃபியூஸ், அல்லது நியூட்ரல், கிளட்ச் சுவிட்ச் உள்ள வண்டியில் அந்தச் சுவிட்ச், இந்தச் சின்ன வயர் கூட்டத்தில்தான் எங்கோ இருக்கிறது. படுக்காமலேயே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கி அணைகிற மாதிரி ஆனால் பேட்டரி, டெர்மினல், எர்த் பக்கம் பாருங்கள். லைட் கொஞ்சமும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தால் செல்ஃபுக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை.

தள்ளுவது கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசல் பம்ப் வண்டிக்கு ஓரளவு சரி. ஆனால் ஏர் பிரேக் வண்டியில் காற்று இறங்கியிருந்தால் ஸ்பிரிங் பிரேக் விடாது, இருபது பேர் தள்ளினாலும் அசையாது. பி.எஸ்.6 (புது மாசு விதிப்படி வந்த) வண்டியில் இன்ஜின் கம்ப்யூட்டருக்கே போதிய வோல்ட் வேண்டும், பேட்டரி அடியோடு படுத்திருந்தால் தள்ளிப் பிரயோஜனமில்லை. இன்னொரு 24 வோல்ட் லாரியிலிருந்து ஜம்ப் கொடுப்பதுதான் வழி. கார், டிராக்டர் எல்லாம் 12 வோல்ட், அவற்றைக் கூப்பிட வேண்டாம். பிளஸ்ஸுக்கு பிளஸ் கொடுத்த பிறகு, கடைசி மைனஸ் முனையைப் பேட்டரியில் வைக்காமல் எட்டத்தில், படுத்த வண்டியின் இன்ஜின் இரும்பில் கவ்வவிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கையில் செப்புக் காப்பு, மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் பேட்டரியில் கை வையுங்கள்.

கேள்வி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. டீசல் இருக்கிறது. இதுவும் எலக்ட்ரிக் கோளாறா? (ஓசூர் வாசகர்)

பதில்: இருக்கலாம். எந்த மாடல் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். டீசலை நிறுத்த பம்பில் சொலினாய்டு உள்ள பழைய வண்டி என்றால், சாவியை ஆன் செய்யும்போது பம்ப் பக்கம் காதைக் கொடுங்கள். ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதற்கு வரும் வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். லேம்ப் பளிச்சென்று எரிந்தும் சத்தம் வராவிட்டால் சொலினாய்டு போயிற்று. லேம்ப்பே எரியாவிட்டால் ஃபியூஸிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். பி.எஸ்.4, பி.எஸ்.6 என்றால் சாவி ஆன் செய்ததும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட விளக்கு வந்து போகிறதா பாருங்கள். அதுவே வராவிட்டால் கம்ப்யூட்டருக்கு கரண்ட் போகவில்லை. மெயின் ரிலே, மெயின் ஃபியூஸ், அதன் எர்த். விளக்கு வந்தும் பிடிக்காவிட்டால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்று கேட்டே ஆக வேண்டும்: சமீபத்தில் சேஸிஸிலோ பாடியிலோ வெல்டிங் வைத்தீர்களா? பேட்டரி வயரையும் கம்ப்யூட்டர் சாக்கெட்டையும் கழற்றாமல் வெல்டிங் வைத்து, கம்ப்யூட்டரை எரித்துக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: லோடு கிடைக்காமல் வண்டி நான்கு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஓட்டிக்கொண்டிருந்தால் தொந்தரவில்லை. (தூத்துக்குடி வாசகர்)

பதில்: சாவி இல்லாமலே எதுவோ குடித்துக்கொண்டிருக்கிறது. அரை ஆம்பியர் கசிந்தாலே ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகும். நான்கு நாளில் கிட்டத்தட்ட 50. ஏற்கெனவே பாதி வயதான பேட்டரிக்கு அதற்கு மேல் செல்ஃப் சுற்றத் தெம்பு எங்கே இருக்கும்?

காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் போய் டைனமோ மேல் உள்ளங்கையை வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இன்ஜின் ஜில்லென்று இருக்க, டைனமோ மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) கசிகிறது. மீட்டரே வேண்டாம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் விடிகாலையில் லாரி ஸ்டாண்டில் இப்படித்தான் பத்து வண்டிக்குக் கை பார்த்துச் சொல்வார்.

டைனமோ ஆறிக் கிடந்தால், பேட்டரி மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, முளைக்கும் கேபிளுக்கும் நடுவில் இணைத்துப் படியுங்கள். பிறகு ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சடாரென்று இறங்குகிறதோ அந்த லைன்தான் திருடன். பெரும்பாலும் பின்னால் சேர்த்த சாமான்களாகத்தான் இருக்கும்: ட்ராக்கர், கேமரா, கேபின் ஃபேன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்துபோய் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் நிற்கிற நாட்களில் அணைத்து வைக்கலாம். பி.எஸ்.6 வண்டியில் சாவியை எடுத்த கையோடு கட்-ஆஃப் போடக் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் யூரியாவுக்கான பம்ப், குழாயில் இருப்பதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் சத்தம் அடங்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

கேள்வி: என் கணவர் சொந்த லாரி ஓட்டுகிறார். வெளியூரில் செல்ஃப் எடுக்கவில்லை, ஒரு பட்டறையில் ‘மோட்டாரே போச்சு, புதுசு போடணும்’ என்றார்களாம். போனில் என்னைத்தான் கேட்கிறார், பணம் நான்தான் புரட்டி அனுப்ப வேண்டும். நம்பலாமா? நான் என்ன கேட்கச் சொல்ல வேண்டும்? (சங்ககிரி வாசகி)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்து சேர்வதற்குள் வண்டி கிளம்பிப் போயிருக்கும். இருந்தாலும் அடுத்த தடவைக்கு எழுதுகிறேன். பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுவதில்லை. ஆனால் அவசரத்தில் நிற்கிற வண்டிக்குப் புது மோட்டார் சொல்வது சுலபம், தேடிப் பார்ப்பது கஷ்டம்.

பணம் அனுப்புவதற்கு முன் அவரை மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பார்க்கட்டும். அசைந்தாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ, மூடிகளை இறுக்கிவிட்டு ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவி, மைனஸை முதலில் கழற்றி, சுரண்டி, மைனஸைக் கடைசியாக மாட்டி முறுக்கட்டும். மேலே கொஞ்சம் வாசலின். அடுத்து, ஆத்தூர்காரருக்கு எழுதியிருக்கிறேனே, அந்த ஜம்ப் கேபிள் சோதனை. மூன்றாவது, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஓரமாக நின்றபடி செல்ஃப் மோட்டாரின் உடம்பில் சுத்தியலின் மரப்பிடியால் லேசாக இரண்டு தட்டு தட்டட்டும். நியூட்ரலில், சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான். தட்டியதும் சுற்றினால் கார்பன் தேய்ந்திருக்கிறது. கார்பன் செட் மாற்றினால் தீர்ந்துவிடும், மோட்டார் முழுசாக வாங்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அசையவில்லை, கழற்றிப் பார்த்ததில் ஆர்மேச்சர் கருகி வாசம் அடிக்கிறது என்றால் பட்டறைக்காரர் சொன்னது சரி, பணத்தை அனுப்பிவிடுங்கள். பழைய மோட்டாரை மட்டும் அங்கேயே விட்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும் செம்புக்கே நல்ல விலை உண்டு.